தேதியும் நட்சத்திரமும் சேர்ந்து வரும் 38: ஒரு வருடத்தைத் திரும்பிப் பார்க்க

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். 1987 அக்டோபர் கடைசியில் பிறந்தவர். இந்த 2025 ஐப்பசியில் 38 வயது நிறைகிறது. போன பிறந்தநாளுக்கும் இந்தப் பிறந்தநாளுக்கும் நடுவில் அவருடைய அப்பா காலமாகிவிட்டார். மகள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தாள். நெடுநாளாகக் காத்திருந்த பதவி உயர்வும் வந்தது. "ஒரே வருஷத்துல பத்து வருஷம் வாழ்ந்த மாதிரி இருக்கு அக்கா. இதை மறக்கக் கூடாதுன்னு ஆசை. ஆனா நினைச்சாலே ஆஸ்பத்திரிதான் கண்ணுல நிக்குது. பிறந்தநாளைத் தேதிக்கு வைக்கவா, நட்சத்திரத்துக்கு வைக்கவா? துக்க வருஷத்துல வைக்கலாமா? இந்த வருஷத்தை எப்படித்தான் மனசுல பத்திரப்படுத்துறது?" என்று கேட்டிருந்தார்.

பஞ்சாங்கம் பார்ப்பது எங்கள் குடும்பத்தில் பழகி வந்தது. நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதை, பினாங்கில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்காகத் தொடர்ந்து படித்துவருகிறேன். அதனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் தேதி. தங்கச்சி, இந்த வருடம் உங்களுக்கு அந்தக் குழப்பமே இல்லை. 38 வயதில் ஆங்கிலத் தேதியும் ஜென்ம நட்சத்திரமும் ஒன்றாக வந்து நிற்கும். மிஞ்சிப்போனால் ஒரு நாள் முன்னே பின்னே இருக்கும்.

காரணம் இதுதான். நிலா 27 நட்சத்திரங்களையும் சுற்றி வர 27 நாளும் 8 மணி நேரமும் ஆகிறது. பதின்மூன்று சுற்று முடிந்தால் 355 நாள். வருடம் முடிய இன்னும் 10 நாள் பாக்கி இருக்கும். அதனால்தான் நட்சத்திரப் பிறந்தநாள் ஒவ்வொரு வருடமும் 10 நாள் முன்னால் வரும். பிறந்த தமிழ் மாதத்தைத் தாண்டிப் போகும் வருடத்தில், அடுத்த சுற்றை எடுத்துக்கொள்ள வேண்டியிருப்பதால் 17 நாள் பின்னால் தள்ளிவிடும். இப்படி முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருப்பது, 19 வருடத்துக்கு ஒருமுறை பழைய இடத்துக்கே திரும்பி வரும். 19 வருடத்தில் நிலா 254 முறை சுற்றி முடிக்கிறது. இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் சில மணி நேரம்தான். ஆக 19, 38, 57, 76 ஆகிய வயதுகளில் பிறந்த நாளின் வானத்துக்கு மிக நெருக்கமான வானம் திரும்ப வரும். நட்சத்திரத்தோடு திதியும் கிட்டத்தட்ட சேர்ந்துவரும்.

சந்தேகம் இருந்தால் தைப்பூசத்தை வைத்துப் பாருங்கள். 2005-இல் ஜனவரி 25, 2024-இலும் ஜனவரி 25. 2006-இல் பிப்ரவரி 11, 2025-இலும் பிப்ரவரி 11. 2007-இல் பிப்ரவரி 1, 2026-இலும் பிப்ரவரி 1. பத்துமலையில் பெரிய முருகன் சிலை திறந்த 2006-இன் தைப்பூசத்துக்குப் போயிருந்தீர்களென்றால், அன்று உங்களுக்கு வயது 18. அதே தேதிக்கு வந்த இந்த வருடத் தைப்பூசத்தில் 37. நடுவில் ஒரு முழுச் சுற்று போயிருக்கிறது.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தில் நட்சத்திரம் தொடங்கும், முடியும் நேரங்கள் இந்திய நேரத்தில் இருக்கும். நம் நேரத்துக்கு இரண்டரை மணி கூட்ட வேண்டும். உங்கள் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ பிறந்த நேரத்தை வைத்துக் கணக்குப் பார்ப்பதாக இருந்தால் கவனம்: தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1-ஆம் தேதிதான் அரை மணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டது. அதற்கு முந்தைய வருடங்களில் பிறந்தவர்களுக்கு இந்தியாவோடு வித்தியாசம் இரண்டு மணிதான். இந்த அரை மணி நேரத்தில் நட்சத்திரம் மாறிப்போகிறவர்களும் உண்டு. அப்புறம், ஒரே தமிழ் மாதத்தில் நட்சத்திரம் இரண்டு தடவை வந்தால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் பின்னால் வருவதை எடுப்பார்கள். உங்கள் வீட்டு வழக்கம் எது என்று பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, துக்க வருடத்தில் வைக்கலாமா? நம் வழக்கத்தில் பிறப்பை நட்சத்திரத்தால் எண்ணுகிறோம், இறப்பைத் திதியால் எண்ணுகிறோம். உங்கள் அப்பா மாசியில் இறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த மாசியில் அதே திதி வரும்போதுதான் தலைத்திவசம். ஆங்கிலத் தேதிப்படி பார்த்தால் ஒன்று பதினோரு நாள் முன்னால் வரும், இல்லையென்றால் இரண்டரை வாரத்துக்கு மேல் தள்ளி வரும். அதுவரை வீட்டில் பண்டிகை எடுக்கமாட்டார்கள். தீபாவளிக்கு அடுப்பில் எண்ணெய்ச்சட்டி ஏறாது, பலகாரத்தைச் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். பல குடும்பங்களில் ஒரு வருடத்துக்கு மலைக்கோயில் படி ஏறமாட்டார்கள். உங்களுக்குப் பத்துமலை எப்படியோ, எங்களுக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் அப்படி.

ஆனால் பிறந்தநாள் பண்டிகை இல்லை. கேக், ஹோட்டல், பலூன் எல்லாம் இந்த வருடம் வேண்டாம் என்று உங்கள் மனசே சொல்லும். காலையில் குளித்து விளக்கேற்றி, அப்பா படத்துக்குப் பூ வைத்து, அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதை எந்தப் பெரியவரும் தடுக்கமாட்டார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இந்த விஷயத்தில் அவருக்குத் தோன்றுவதுதான் சரி என்பது என் கருத்து. கணவனை இழந்த முதல் வருடத்தில், வீட்டில் ஏதாவது ஒன்று தன்னைக் கேட்டு நடக்கிறது என்பதே அவருக்குப் பெரிய ஆறுதல்.

இனி மூன்றாவது கேள்வி. இதைத்தான் நான் பல நாள் யோசித்தேன்.

ஒரு வருடம் பத்து வருடம் போல இருந்தது என்கிறீர்கள். அதில் ஆச்சரியம் இல்லை. புது விஷயங்கள் அதிகம் நடந்த காலம், திரும்பிப் பார்க்கும்போது நீளமாகத் தெரியும். ஒரே மாதிரி போன வருடம் சுருங்கிவிடும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இலேயே இதை எழுதிவைத்தார். வயது ஏற ஏற வருடம் வேகமாக ஓடுவதுபோலத் தோன்றுவதற்கும் அவர் சொன்ன காரணம் இதுவே.

ஆனால் நீளமாகத் தெரிகிற அந்த வருடத்தில் ஏன் ஆஸ்பத்திரி மட்டும் நிற்கிறது? 1993-இல் டேனியல் கானமனும் அவருடன் இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். பங்கெடுத்தவர்கள் ஒரு தடவை 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 நொடி கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு தடவை அதே 60 நொடி, கூடவே மேலும் 30 நொடி. அந்தக் கடைசி 30 நொடியில் தண்ணீர் மெல்ல ஒரு டிகிரி சூடாக்கப்பட்டது, அப்போதும் கை வலிக்கத்தான் செய்தது. பிறகு, இந்த இரண்டில் எதைத் திரும்பச் செய்ய விருப்பம் என்று கேட்டபோது பெரும்பாலோர் 90 நொடியைத்தான் சொன்னார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம், ஆனாலும் முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால் முழு அனுபவமும் பரவாயில்லை என்று மனசில் பதிந்துவிட்டது. அனுபவத்தின் உச்சத்தையும் முடிவையும்தான் மனசு எடுத்து வைத்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை அது பெரிதாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதை உங்கள் அப்பாவுக்குப் பொருத்திப் பாருங்கள். 37 வருடம் அவரோடு வாழ்ந்திருக்கிறீர்கள். கடைசிச் சில வாரங்கள் ஆஸ்பத்திரி. அந்தச் சில வாரங்களே உச்சமும் முடிவுமாக அமைந்துவிட்டதால், மற்ற எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு முன்னால் நிற்கின்றன. உங்கள் அன்பில் எந்தக் குறையும் இல்லை, எல்லாருடைய மனசும் அப்படித்தான் வேலை செய்கிறது. அதனால் "நல்லதை நினைத்துக்கொள்" என்று யாராவது சொன்னால், உட்கார்ந்த இடத்தில் அது நடக்காது. மறைந்து நிற்பது தானாக வெளியே வராது. அதைக் கூப்பிட்டு எழுப்ப ஒரு ஆள் வேண்டும்.

ஆள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நெதர்லாந்தில் வில்லெம் வாகெனார் என்ற உளவியலாளர் 1978 முதல் ஆறு வருடம் தன் வாழ்க்கையில் நடந்தவற்றைத் தினமும் குறித்துவைத்தார். மொத்தம் ஏறக்குறைய 2,400 நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்தது, யார் இருந்தார், எங்கே, எப்போது என்று தனித்தனியாக எழுதினார். பிறகு ஒவ்வொரு குறிப்பாக எடுத்துத் தன் நினைவைத் தானே சோதித்தார். 'என்ன' என்பது நன்றாக வேலை செய்தது, 'யார்', 'எங்கே' என்பவையும் உதவின. 'எப்போது' மட்டும் தனியாகக் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை. நான்கு குறிப்பையும் பார்த்த பிறகும் அடியோடு மறந்துபோன நிகழ்ச்சிகள் சில இருந்தன. அவற்றில் பத்தை எடுத்து, அந்த நேரத்தில் கூட இருந்தவர்களிடம் போய்க் கேட்டார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொல்ல, பத்துமே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டன.

இதைப் படித்தபோது எங்கள் பினாங்குப் பெரியவர்கள்தான் மனசில் வந்தார்கள். வருடத்தை எண்ணில் சொல்லும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. ஜப்பான்காரன் வந்த வருஷம், பாலம் திறந்த வருஷம், ஜெட்டி இடிஞ்ச வருஷம், சுனாமி வருஷம் என்பார்கள். நாம்தான் அதை 1941, 1985, 1988, 2004 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். 'எப்போது' என்பதைத் தேதியில் தேடாமல், நடந்த விஷயத்தோடும் இடத்தோடும் கூட இருந்த மனிதர்களோடும் கட்டி வைத்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்துப் பாட்டிகூட அறுபது வருடத்தை அப்படி வரிசையாகச் சொல்லுவார்.

எனக்கும் ஒரு ஜெட்டி இடிஞ்ச வருஷம் உண்டு. 1988 ஜூலை 31-இல் பட்டர்வொர்த் ஃபெர்ரி முனையம் இடிந்து விழுந்து 32 பேர் இறந்தார்கள். அது நடந்து கொஞ்ச நாளில் என் அப்பா நோயில் போய்விட்டார். அப்போது எனக்கு 17 வயது. அதற்குப் பிறகு பல வருடம், 1988 என்றாலே அப்பாவின் கட்டிலும் மருந்து வாடையும்தான். ஒரு தடவை சித்தப்பா வீட்டில் பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: "அந்த வருஷம் தைப்பூசத்துக்கு உங்கப்பாதான் தண்ணீர்ப்பந்தலுக்குச் சர்க்கரை மூட்டை தூக்கிட்டு வந்தாரு. நீ எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பிழிஞ்சு கையெல்லாம் எரியுதுன்னு அழுதியே." அந்த நொடியில் எல்லாம் வந்துவிட்டது. விரல் எரிச்சல், ஐஸ் கட்டியை உடைக்கும் சத்தம், ரதம் வருகிறது என்று அப்பா என் தோளைப் பிடித்துத் திருப்பியது. அதே வருடத்தில்தான் இதுவும் நடந்திருக்கிறது. சித்தப்பா சொல்லாமல் இருந்தால் எனக்கு அது கிடைத்தே இருக்காது. அப்பாவின் கை என் தோளில் இருந்ததை இன்றைக்கும் சித்தப்பாவுக்குக் கடன்பட்ட மாதிரிதான் நினைக்கிறேன்.

எனவே தங்கச்சி, இந்தப் பிறந்தநாளில் தனியாக உட்கார்ந்து டைரி எழுத வேண்டாம். எழுதலாம், ஆனால் அது பிறகு. முதலில் உங்களோடு இந்த வருடத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். போன ஐப்பசியிலிருந்து தொடங்குங்கள், ஜனவரியிலிருந்து வேண்டாம். உங்கள் வருடம் உங்கள் பிறந்தநாளில் தொடங்கியது. போன தீபாவளி அக்டோபர் 31-இல் வந்தது, அப்பா இருந்த கடைசித் தீபாவளி. அன்றைக்கு வீட்டுக்கு யார் யார் வந்தார்கள், அப்பா எந்தச் சட்டை போட்டிருந்தார், எதைத் தின்றுவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்கினார் என்று கேளுங்கள். தேதி கேட்காதீர்கள். யார், எங்கே, என்ன என்று கேளுங்கள்.

அம்மாவிடம் கேட்கும்போது நேரே அப்பாவைப் பற்றித் தொடங்கினால் அழுகை வந்து பேச்சு நின்றுவிடலாம். சமையலில் தொடங்குங்கள், பேத்திக்குப் பள்ளிச் சீருடை வாங்கப் போன நாளில் தொடங்குங்கள். அப்பா தானாக உள்ளே வருவார். அண்ணன் தம்பிமார் பொதுவாகப் பேசமாட்டார்கள். அவர்களிடம் வண்டி, வேலை, பணம் பற்றிக் கேட்டால் பேசுவார்கள், அதற்குள்ளேயே அப்பாவும் இருப்பார். அப்பாவின் நண்பர்கள் யாராவது இருந்தால் ஒரு நாள் பசியாற அழைத்துப் போங்கள். வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு அப்பா அவர்களிடம் இருப்பார்.

பதவி உயர்வை மறந்துவிடாதீர்கள். துக்கம் வந்த வருடத்தில் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லவே கூச்சப்பட்டு நம் பெண்கள் விழுங்கிவிடுகிறார்கள். செய்தி வந்த அன்று முதலில் யாரிடம் சொன்னீர்கள்? அப்பா அப்போது இருந்தாரா, என்ன சொன்னார்? அதையும் அந்த மேசையில் பேசுங்கள். அதுவும் இந்த வருடத்துக்குள்தான் நடந்தது.

அடுத்து, இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று. அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் உங்கள் கைப்பேசியில் இருக்கும். "சாப்பிட்டியா, பிள்ளை ஸ்கூல்லேர்ந்து வந்துட்டாளா" என்கிற மாதிரி சாதாரணமானவை. கைப்பேசி மாற்றும்போதும், இடம் போதவில்லை என்று அழிக்கும்போதும் முதலில் போவது இவைதான். ஒவ்வொன்றையும் எடுத்து வேறு இரண்டு இடங்களிலாவது சேமித்து வையுங்கள், அண்ணனிடம் ஒரு பிரதி கொடுங்கள். கோப்பின் பெயரில் தேதியோடு, எதைப் பற்றிப் பேசுகிறார் என்றும் இரண்டு சொல் போடுங்கள். இப்போது கேட்கத் தைரியம் இல்லையென்றால் கேட்க வேண்டாம், சேமித்தால் போதும். புகைப்படத்தில் பத்து வருடம் கழித்தும் முகம் தெரியும். குரல் அப்படி இல்லை, எவ்வளவு பிரியமானவர் குரலானாலும் மெல்ல மெல்ல மறந்துபோகலாம்.

வீட்டுக் கூட்டத்தையும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எல்லாரிடமும் சொல்லிவிட்டு, மேசையில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் கேட்டு எழுதுங்கள். அழகாக எழுத வேண்டியதில்லை. ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகாது. அம்மா வெள்ளிக்கிழமை என்பார், அண்ணன் சனிக்கிழமை என்பார். இரண்டையும் அப்படியே எழுதுங்கள், தீர்ப்பு சொல்ல வேண்டாம். நல்ல வருடமா கெட்ட வருடமா என்ற தீர்ப்பும் வேண்டாம். பலர் பிறந்தநாளன்று அந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எழுதுகிறார்கள். எழுதிய பிறகு அதற்குப் பொருந்தாத நாட்களெல்லாம் மனசிலிருந்து கழன்றுபோகின்றன.

எல்லாருக்கும் முன்னால் மகளைக் கேளுங்கள். இது அவசரம் என்றே சொல்வேன். அவளுக்கு இப்போது ஏழு வயது. பாட்ரிசியா பவர், மரினா லர்கினா என்ற இரண்டு ஆய்வாளர்கள் குழந்தைகள் மூன்று வயதில் தங்கள் அம்மாவோடு பேசிய நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துவைத்து, அவர்கள் வளர்ந்த பிறகு திரும்பக் கேட்டார்கள். முடிவு 2014-இல் வெளிவந்தது. ஐந்து முதல் ஏழு வயதில் கேட்டபோது பாதிக்கும் மேலானவை ஞாபகம் இருந்தன. எட்டு, ஒன்பது வயதில் கேட்டபோது 40 சதவீதம்கூட இல்லை. சின்ன வயது நினைவுகள் கொட்டிப்போகும் காலம் சரியாக இதுதான். தாத்தா அவளை மடியில் வைத்துக் கதை சொன்னது, கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனது எல்லாம் இப்போது அவளிடம் இருக்கின்றன. அடுத்த ஐப்பசியில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பேசப் பேசத்தான் பிள்ளைகளிடம் அது தங்கும். கேட்கும் விதமும் முக்கியம். "தாத்தா உன்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாரா?" என்று கேட்டால் "ம்" என்பாள், அவ்வளவுதான். "தாத்தாவோட கடைக்குப் போனா என்னவெல்லாம் செய்வீங்க?" என்று கேளுங்கள். அவள் ஒன்று சொன்னால், "அப்புறம்?" என்று விட்டுவிடாமல், அதில் நீங்களும் ஒரு துண்டு சேர்த்துத் திரும்பக் கேளுங்கள்: "ஓ, அந்த ரொட்டிக் கடையா? அங்க ஒரு பூனை இருக்குமே, அதுக்குத் தாத்தா என்ன கொடுப்பாரு?" இப்படித் தொடுத்துத் தொடுத்துப் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழைய நினைவு அதிகமாகத் தங்குவதை ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள், நான் வகுப்பிலும் பார்க்கிறேன். அவள் சொல்வது தப்பாக இருந்தால் திருத்தாதீர்கள். படம் வரையப் பிடிக்குமென்றால் வரையச் சொல்லி, அதன் பின்பக்கத்தில் அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டு வையுங்கள். பிறந்தநாள் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.